உறையும் கரண்டியும்: மாட்டுக் காசநோய் எப்படிப் பரவுகிறது?

ராத்திரி பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி பழைய தயிரை ஊற்றி மூடி வைக்கிறோம். விடிந்தால் சட்டி முழுக்கத் தயிர். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வைத்தால் மறுநாள் சட்டிக்கு ஆயிற்று. பால் தினமும் மாறுகிறது, சட்டியும் மாறலாம். உறை மட்டும் வருஷக்கணக்கில் அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் உறை தீர்ந்துவிட்டால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகிறோம்.

ஆடு மாடுகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் வரும் காசநோய் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குப் போவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒவ்வொரு விலங்கும் ஒரு சட்டி. கிருமி, உறை. உறை தானாக எழுந்து அடுத்த சட்டிக்குள் குதிக்காது. எடுத்து ஊற்ற ஒரு கரண்டி வேண்டும். இந்தக் கிருமிக்கும் காலில்லை, இறக்கையில்லை. மலேரியாவுக்குக் கொசு வாய்த்த மாதிரி இதற்குச் சுமந்து போக ஆளும் இல்லை. மூச்சு, எச்சில், தீவனம், பால், இறைச்சி என்று விலங்குகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒன்றில் ஏறித்தான் அது போக வேண்டும். ஆகவே ஓர் இடத்தில் இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரிய வேண்டுமானால், அங்கே எந்தக் கரண்டி புழங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுக் கை வைத்தவர்கள் நோயைக் குறைத்திருக்கிறார்கள். பார்க்காமல் கை வைத்த இடத்தில் நோய் கூடியும் இருக்கிறது.

முதலில் உறை என்ன என்று பார்த்துவிடுவோம். மனிதர்களுக்கு வரும் காசநோயில் பெரும்பகுதிக்குக் காரணம் மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்த கிருமி அது. அதற்குப் பங்காளிகள் பலர். மாட்டில் குடியிருப்பது மைக்கோபாக்டீரியம் போவிஸ். ஆட்டில் அதிகம் தென்படுவது கேப்ரே. சீல் என்கிற கடல் விலங்கில் இருப்பது பின்னிபீடீ. நம் பக்கத்து மாடுகளிலும் மான்களிலும் காணப்படுவது ஒரிஜிஸ். மரபணுக்களை வைத்துப் பார்த்தால் இவற்றுக்கிடையே வித்தியாசம் மிகமிகக் கொஞ்சம். ஆனால் குணம் வேறு. மனிதக் கிருமி பெரும்பாலும் மனிதனோடு நின்றுவிடும். போவிஸ் அப்படியில்லை; மாடு, எருமை, மான், பன்றி, சிங்கம், பூனை, மனிதன் என்று எந்தச் சட்டியில் ஊற்றினாலும் கொஞ்சமாவது உறையப் பார்க்கும்.

மாட்டிலிருந்துதான் மனிதனுக்குக் காசநோய் வந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2002ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் குடும்பத்தின் மரபணுக்களை வரிசையாக வைத்து ஒப்பிட்டபோது அந்தக் கதை பொருந்தவில்லை. மனிதக் கிருமியில் இருக்கும் சில மரபணுத் துண்டுகள் போவிஸில் உதிர்ந்துபோயிருக்கின்றன. உதிர்ந்த துண்டு மறுபடி முளைக்காது. எனவே போவிஸிலிருந்து மனிதக் கிருமி பிறந்திருக்க வழியில்லை.

இந்தக் கிருமியின் உடம்பைச் சுற்றி மெழுகு போன்ற கொழுப்புச் சுவர் இருக்கிறது. நெய் வைத்த பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், ஒட்டாமல் வழிந்துவிடும். அதுபோலக் கிருமியைக் கொல்ல வரும் பல பொருட்கள் இந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போக முடிவதில்லை. காய்ந்துபோகாமலும் அது காக்கிறது. நேர் வெயிலில் கிருமி சீக்கிரம் சாகும். ஆனால் நிழலான, ஈரமான, குளிர்ந்த இடத்தில், சாணத்திலோ தீவனத்திலோ கிடந்தால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

அடுத்தது, இது மகா மந்தமான உறை. வயிற்றுப்போக்குக் கிருமி ஒன்று நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாக ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகிறது. தயிர் ஓர் இரவில் உறைகிறது. இது உறைய மாதங்கள், சில விலங்குகளில் வருஷங்கள். இந்த மந்தம்தான் நம்மை ஏமாற்றுகிறது. நோய் வாங்கிய மாடு மறுநாளே படுத்துவிட்டால் உரிமையாளர் உஷாராகிவிடுவார். இதில் மாடு நன்றாகத் தின்கிறது, கறக்கிறது, கன்று போடுகிறது. சந்தைக்குப் போய்க் கை மாறுகிறது. வாங்கியவர் வீட்டுக் கொட்டகைக்குள் உறையும் சேர்ந்து நுழைகிறது.

இனி உள்ளே நுழையும் இடம். ஒரு கொட்டகையில் பத்து மாடுகள் நிற்கின்றன, மழைக்காலம், பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாடு இருமுகிறது. இருமலில் பெரிய துளியும் வரும், சிறிய துளியும் வரும். பெரியது தொட்டியிலோ தரையிலோ விழுந்துவிடும். கண்ணுக்கே தெரியாத சின்னத் துளிதான் ஆபத்து. அது விழாமல் காற்றிலேயே மிதக்கும், பக்கத்து மாட்டின் மூச்சோடு போய் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரைக்கும் இறங்கும். மாட்டின் ஒரு மூச்சுக்கே லிட்டர் கணக்கில் காற்று உள்ளே போகிறது. கொட்டகையில் காற்றோட்டம் இல்லையென்றால் அந்தக் காற்றையே பத்து மாடுகளும் மாற்றி மாற்றி இழுக்கின்றன.

எவ்வளவு உறை தேவை? இங்கேதான் இந்த நோயின் முக்கியமான கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் கன்றுகளின் மூச்சுக்குழாய்க்குள் போவிஸை வெவ்வேறு அளவுகளில் விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய கிருமிகளே உள்ளே போன கன்றுக்கும் நோய் வந்தது. அதே கிருமி வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு தேவைப்படுகிறது. காரணம் எளிது. வயிற்றில் புளிப்பு இருக்கிறது, மற்ற கிருமிகளின் கூட்டம் இருக்கிறது, வருவதையெல்லாம் தள்ளிக்கொண்டு போகும் ஓட்டமும் இருக்கிறது. நுரையீரலின் சிற்றறையோ வெதுவெதுப்பான, அசைவில்லாத, மூடிவைத்த சட்டி. அங்கே துளி உறை போதும். மாட்டுக்கு மாடு பரவுவதில் மூச்சு முதலிடம் பிடிப்பது இதனால்தான்.

உள்ளே போன கிருமியை உடம்பு சும்மா விடுவதில்லை. நுரையீரலில் காவல் நிற்கும் பெரிய வெள்ளணு வந்து அதை விழுங்குகிறது. மற்றக் கிருமி என்றால் அந்த அணுவின் வயிற்றிலேயே செரிந்துபோயிருக்கும். மெழுகுச் சுவர் உள்ள இது செரிவதில்லை. விழுங்கிய அணுவுக்குள்ளேயே பெருகுகிறது. உடனே மேலும் வெள்ளணுக்கள் வந்து சுற்றிலும் அணை கட்டுகின்றன. நாளாக ஆக நடுப்பகுதி செத்து, திரிந்த பாலை வடிகட்டினால் கிடைக்கும் கட்டி போல, மஞ்சள் கலந்த வெள்ளையாகப் பொலபொலவென்று ஆகிவிடுகிறது. அறுவைக்கூடத்தில் கால்நடை மருத்துவர் மாட்டின் தொண்டைக்குப் பின்னாலும் நெஞ்சுக்குள்ளும் உள்ள நெறிக்கட்டிகளைக் கீறிப் பார்ப்பது இதற்காகத்தான். கத்தி இறங்கும்போது நறநறவென்று மணல் பட்டது போலிருக்கும். கட்டியில் சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும்.

இந்தக் கட்டியை மூடி போட்ட சட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக இருக்கும்வரை அந்த மாட்டால் அடுத்த மாட்டுக்குப் பெரிதாக ஆபத்தில்லை. மாடு மெலிந்தாலோ, வயதானாலோ, வேறு நோய் வந்து தளர்ந்தாலோ மூடி நழுவுகிறது. கட்டி மூச்சுக்குழாய்ப் பக்கம் உடைந்தால் இருமலில் கிருமி வரும். அந்தச் சளியை மாடு விழுங்கினால் சாணத்தில் வரும். இரத்தத்தில் கலந்து மடியில் போய்க் குடியேறினால் பாலில் வரும். ஒரே மாட்டிலிருந்து உறை வெளியேற இத்தனை வாசல்கள்.

இப்போது ஊர் ஊராகப் போய்க் கரண்டியைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வடகிழக்குப் பக்கம், வெள்ளைவால் மான்கள் ஏராளம். வேட்டைப் பிரியர்கள் மான் கூட்டம் கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் குளிர்காலத்தில் கேரட், சர்க்கரைக் கிழங்கு, ஆப்பிள், மக்காச்சோளம் என்று லாரி லாரியாகக் கொண்டுவந்து காட்டில் குவிப்பார்கள். சும்மா விட்டால் மான்கள் சிதறி மேயும். ஓர் இலையைக் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். குவியல் இருந்தால் எல்லாம் ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு உரச நின்று தின்னும். ஒன்று கடித்துப் போட்ட கிழங்கை இன்னொன்று எடுக்கும். எச்சில் பட்ட கிழங்கு பனியில் உறைந்து கிடக்கும். கிருமிக்கு அது குளிர்சாதனப் பெட்டி. 1994இல் வேட்டையில் விழுந்த ஒரு மானின் உடலில் காசநோய்க் கட்டிகள் தெரிந்தன. அதன்பின் தேடித் தேடிப் பார்த்தபோது நோய் அந்த வட்டார மான்களுக்குள்ளேயே நிலைகொண்டுவிட்டது புரிந்தது. காட்டு மானிடம் இந்த நோய் தானாக நிலைக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். மாட்டுப் பண்ணைகளுக்கும் போனது. எச்சில் பண்டத்தைத் தின்னக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதன் நியாயம் அந்தக் காட்டில் அப்படியே பலித்திருக்கிறது. நோயுள்ள வட்டாரத்தில் தீவனம் குவிப்பதைத் தடை செய்தார்கள், மான்களின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். மானில் நோய் குறைந்தது. ஆனால் இன்னும் ஒழியவில்லை.

நியூசிலாந்தில் கரண்டி வேறு. அங்கே 19ஆம் நூற்றாண்டில், உரோமத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து போசம் என்ற சிறு விலங்கைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். பூனை அளவு இருக்கும், மரத்தில் வாழும், இரவில் நடமாடும். 1967இல் ஒரு போசத்திடம் மாட்டுக் காசநோய் இருப்பது தெரியவந்தது. மரத்தில் வாழும் இரவு விலங்கு, பகலில் புல் மேயும் மாட்டுக்கு எப்படி நோய் கொடுக்கும்? ஆராய்ச்சியாளர்கள் ஒரு போசத்துக்கு மயக்க மருந்து கொடுத்து, சாகும் தறுவாயில் தள்ளாடுவது போல, புல்வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மாடுகள் பயந்து ஓடவில்லை. ஒவ்வொன்றாக வந்து சுற்றி நின்றன, கழுத்தை நீட்டி மோந்து பார்த்தன, சில நக்கியும் பார்த்தன. நோய் முற்றிய போசம் இப்படித்தான் நேரம் காலம் தெரியாமல் பகலில் வெளியே வந்து தள்ளாடும். அதன் அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி உடைந்து சீழ் வழிந்துகொண்டிருக்கும். மாட்டின் ஆர்வமே இங்கே கரண்டி.

இது தெரிந்த பிறகு நியூசிலாந்து இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தது: போசங்களைக் குறைப்பது, மாடுகளைச் சோதித்து நோயுள்ளதை அகற்றுவது. 1990களின் நடுவில் ஏறத்தாழ 1,700 மந்தைகளில் இருந்த நோய் இன்று சில பத்து மந்தைகளுக்குள் சுருங்கிவிட்டது. 2055க்குள் நாட்டைவிட்டே துடைத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் கெடு.

பிரிட்டன் கதைதான் சிக்கலானது. வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பேட்ஜர் அங்கே உண்டு. 1971இல் குளோஸ்டர்ஷயரில் செத்துக் கிடந்த ஒரு பேட்ஜரிடம் மாட்டுக் காசநோய் தெரிந்ததிலிருந்து, மாட்டுக்காரர்களுக்கும் விலங்கு ஆர்வலர்களுக்கும் ஓயாத சண்டை. பேட்ஜரைச் சுட்டால் நோய் போய்விடுமா? 1998 முதல் 2005 வரை அரசே பெரிய சோதனை நடத்தியது. ஏறத்தாழ 11,000 பேட்ஜர்கள் கொல்லப்பட்டன. விளைவு யாரும் எதிர்பாராதது. நோய் வந்த பண்ணையைச் சுற்றி மட்டும் பேட்ஜரைப் பிடித்த இடங்களில் மாடுகளுக்கு நோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அந்தப் பகுதிச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏன் கூடியது? பேட்ஜர்கள் குடும்பம் குடும்பமாக எல்லை பிரித்து வாழ்பவை. சிலதைக் கொன்றதும் எல்லை குலைந்தது. மிஞ்சியவை தூரம் தூரமாக அலைந்தன, புதிய கூட்டங்களோடு கடித்துச் சண்டையிட்டன. அதாவது, முன்பு ஒரே வீட்டுக்குள் இருந்த கரண்டி தெரு முழுக்கச் சுற்ற ஆரம்பித்தது. இன்னொன்றையும் பிறகு கண்டார்கள். கார்ன்வால் பகுதியில் மாட்டுக்கும் பேட்ஜருக்கும் கழுத்துப் பட்டையில் கருவி கட்டி ஆராய்ந்தபோது, பேட்ஜர் மாட்டுப் புல்வெளியை விரும்பி வந்தாலும் மாட்டை விட்டு விலகியே நடமாடியது. நேருக்கு நேர் மூச்சுப் படுவதைவிட, மண்ணிலும் புல்லிலும் விட்டுச்செல்லும் சிறுநீர், சாணம் வழியாகப் போக வாய்ப்பு அதிகம். என் கருத்து, இந்தச் சோதனை காசநோய் ஆராய்ச்சியில் மிகப் பயனுள்ள ஒன்று. துப்பாக்கி எடுப்பது எளிது. எடுத்த பிறகு என்ன நடந்தது என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் நோய் எருமைக் கூட்டத்தில் 1990இல் தென்பட்டது. எல்லைக்கு அப்பாலிருந்த வளர்ப்பு மாடுகளிடமிருந்து அது பல ஆண்டுகளுக்கு முன்பே நுழைந்திருக்க வேண்டும். எருமைக்கு எருமை மூச்சு வழியாகவே போனது. மெலிந்த எருமையைச் சிங்கம் சுலபமாக அடித்தது, தின்றது, நோயையும் வாங்கிக்கொண்டது. 1995 வாக்கில் எலும்பும் தோலுமாக, மூட்டு வீங்கிய சிங்கங்களைக் கண்டார்கள்.

எல்லாச் சட்டியிலும் உறை ஒரே மாதிரி பிடிக்காது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். எருமைக் கூட்டத்தில் வெளியிலிருந்து புது உறை வராவிட்டாலும் நோய் தலைமுறை தலைமுறையாக ஓடும். மாடு, போசம், பேட்ஜர், மிச்சிகன் மான் எல்லாம் அந்த வகை. வேறு சில விலங்குகள் நோய் வாங்கும், சாகவும் சாகும். ஆனால் தன் இனத்துக்குள் கைமாற்றும் அளவு கிருமியை வெளியே விடாது, அல்லது கூட்டமாகச் சேராது. அங்கே சங்கிலி அறுந்துவிடும். போவிஸைப் பொறுத்தவரை மனிதனும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். மாட்டிடமிருந்து வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுப்பது நடக்கும், ஆனால் அரிது. ஆகவே மனிதனைக் காப்பாற்ற வேண்டுமானால் மாட்டிலிருந்து வரும் கரண்டியைப் பிடுங்கினாலே பெரும்பாலும் போதும்.

அந்தக் கரண்டி, பால். 1901இல் லண்டன் மாநாட்டில் ராபர்ட் காக்கே எழுந்து, மாட்டுக் காசநோய் மனிதனுக்கு வருவது மிக அரிது, அதற்கென்று தனி ஏற்பாடு தேவையில்லை என்று பேசினார். கிருமியைக் கண்டுபிடித்தவரே சொன்னதால் பலர் தயங்கினார்கள். பிரிட்டன் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது; அது பத்தாண்டு உழைத்து 1911இல் இறுதி அறிக்கை கொடுத்தது. மாட்டுக் கிருமி மனிதனுக்கு வருகிறது, குழந்தைகளுக்கு அதிகம் வருகிறது, பால் வழியாக வருகிறது என்பது அதன் முடிவு. பச்சைப் பால் குடித்த குழந்தைகளுக்குக் கழுத்தில் நெறி கட்டி, உடைந்து, புரையோடியது. நம் ஊரில் கண்டமாலை என்பார்களே, அதைப் போல. வயிற்றிலும் எலும்பிலும்கூட நோய் இறங்கியது.

நோயுள்ள மாடுகள் எல்லாவற்றின் பாலிலும் கிருமி வருவதில்லை. மடி வரை நோய் இறங்கியவை கொஞ்சம்தான். ஆனால் பால் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஒரு வீட்டுப் பால் கேனில் சேர்கிறது, கேன்கள் சொசைட்டியில் ஒரே தொட்டியில் கொட்டப்படுகின்றன. ஒரு கரண்டி உறை ஒரு சட்டிக்குப் போதும் என்ற கணக்கு இங்கே வேலை செய்கிறது: ஒரு மாட்டுப் பால் ஒரு தொட்டிப் பாலையே கெடுத்துவிடும். நல்லவேளையாக இந்தக் கிருமிக்குச் சூடு ஆகாது. 63 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி, தீர்ந்தது. பாக்கெட் பாலுக்கு ஆலையில் செய்வது இதுதான். நம் வீடுகளில் பால் பொங்கும்வரை காய்ச்சுவது அதற்கும் மேல். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆகாது என்று தெரிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. காம்பில் கறந்த சூட்டோடு குடித்தால் தெம்பு என்று பிள்ளைகளுக்குப் பச்சைப் பால் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுவது நல்லது. கறந்த சூடு மாட்டின் உடம்புச் சூடுதான். அது கிருமி சுகமாக வளரும் சூடு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விலங்குகளிடமிருந்து வந்த காசநோயால் 2016இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,47,000 பேர் புதிதாக நோயுற்றார்கள், 12,500 பேர் இறந்தார்கள். இந்தியாவில், பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த மதிப்பீடு, மாடுகளில் ஏறக்குறைய 7.3 சதவீதத்துக்கு நோய்த்தொற்று இருக்கலாம் என்கிறது. அது இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மாடுகள். ஆனால் நம் நாட்டு உறை போவிஸ்தானா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் 940 நோயாளி மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. மாட்டிலிருந்து மனிதருக்கு வந்த போவிஸ் அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏழு பேரிடம் இருந்தது ஒரிஜிஸ். சென்னைப் பக்கத்து மாட்டிலும் புள்ளிமானிலும் இதே ஒரிஜிஸைக் கண்டிருக்கிறார்கள். உலகமே போவிஸைத் தேடிக்கொண்டிருந்தால், இங்கே இருக்கும் உறை கணக்கிலேயே வராமல் போய்விடும். மருந்திலும் இது முக்கியம்: காசநோய்க்குக் கொடுக்கும் வழக்கமான நான்கு மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு, போவிஸிடம் இயல்பிலேயே பலிக்காது. எந்தக் கிருமி என்று தெரியாமல் கொடுத்தால் அந்த ஒரு மருந்து வீண்.

கரண்டி எதிர்த் திசையிலும் போகும். நோயுள்ள மனிதர் மாட்டுக்கும் யானைக்கும் மனிதக் கிருமியைக் கொடுக்கலாம். வளர்ப்பு யானைகளுக்கு வரும் காசநோயில் பெரும்பாலும் இருப்பது மனிதக் கிருமிதான்; பாகனோடு நாள் முழுக்க மூச்சு விடும் தூரத்தில் நிற்கும் விலங்கு அது. 2016இல் குரூகர் பூங்காவில் இறந்த காட்டு யானை ஒன்றிடமும் மனிதக் கிருமி இருந்தது. இதைவிடப் பழைய பயணமும் உண்டு. பெரு நாட்டில் கிடைத்த ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையான எலும்புகளில் இருந்த காசநோய்க் கிருமி, சீல்களின் பின்னிபீடீக்கு மிக நெருக்கம் என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியர் கப்பலில் வருமுன்பே, கடற்கரை மக்கள் வேட்டையாடிய சீல்களின் வழியாகக் கிருமி கரையேறியிருக்கிறது.

உறை மாற்றுவதையே ஆயுதமாக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் லீல் நகரில் ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரன் என்ற இருவர், ஒரு மாட்டிலிருந்து எடுத்த போவிஸை உருளைக்கிழங்குத் துண்டில் பித்தநீர் சேர்த்து வளர்த்தார்கள். சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். 1908இல் தொடங்கி, நடுவில் ஓர் உலகப் போர் வந்தும் விடாமல், 230 முறை. 13 ஆண்டு முடிவில் அந்த உறை வளரும், ஆனால் நோய் தராது என்றாகிவிட்டது. பிறந்த குழந்தைக்குத் தோளில் போடும் பிசிஜி ஊசி அந்தச் சாந்தமான போவிஸ்தான்.

இனி மாட்டை வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? சோதனை உண்டு. மாட்டின் கழுத்துத் தோலில் டியூபர்குலின் என்ற கிருமிச் சத்தைக் கொஞ்சம் ஏற்றி, 72 மணி நேரம் கழித்துத் தோல் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளப்பார்கள். பல நாடுகளில் தடித்த மாட்டை உடனே அறுத்துவிடுவார்கள். நம் நாட்டில் பல மாநிலங்களில் அதற்குச் சட்டமும் இடம் கொடுக்காது, மனமும் கொடுக்காது. அதனால் அந்த மாடு தெரிந்தோ தெரியாமலோ சந்தைக்குப் போகிறது. என்னைக் கேட்டால், நம் நிலைமையில் முதல் தேவை பிரித்துக் கட்டுவது. புதிதாக வாங்கிய மாட்டைச் சோதனை முடியும்வரை தனியே கட்டுங்கள், தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். கொட்டகைத் தார்ப்பாயைப் பகலில் சுருட்டிவிட்டு வெயிலையும் காற்றையும் உள்ளே விடுங்கள். வீட்டில் யாருக்காவது டிபி இருந்தால் மருந்து வேலை செய்து கிருமி நிற்கும்வரை அவர் கொட்டகை வேலைக்குப் போக வேண்டாம்.

கடைசியாகக் கன்று. வீட்டாருக்குப் பாலைக் காய்ச்சுகிறோம். கன்றுக்கு அதே பால் பச்சையாகவே போகிறது. தாய்க்கு மடியில் நோய் இருந்தால் முதல் நாளிலேயே உறை கன்றின் வயிற்றுக்குள் இறங்கிவிடும். பல பண்ணைகளில் கன்றுக்கான பாலையும் சூடாக்கி ஆற்றித்தான் கொடுக்கிறார்கள். சீம்பாலை அப்படிக் கொதிக்க வைக்க முடியாது, திரிந்து கட்டியாகிவிடும். கன்றுக்குத் தேவையான எதிர்ப்புச் சக்தியும் கெடும். அதனால் பெரிய பண்ணைகளில் சீம்பாலை 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்து எடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் சீம்பால் திரிவதில்லை, எதிர்ப்புச் சக்தியும் பெரும்பாலும் நிற்கிறது, கிருமிகளின் கூட்டம் வெகுவாகக் குறைகிறது. சிறு பண்ணைக்கு அதற்கு வேண்டியது மூடியுள்ள ஒரு பாத்திரம், ஒரு வெந்நீர் அண்டா, ஒரு தெர்மாமீட்டர். தாய்ப்பசுவைச் சோதித்து நோயில்லை என்று தெரிந்துவிட்டால் அதுவும் வேண்டாம், கன்றை மடியிலேயே விடலாம்.